ஆடி போய் ஆவணி வந்தா கார் வரும்

மக்களே, நடந்தே விட்டது. ஒரு வருசமா வாங்கலாமா வேணாமான்னு இங்கி பிங்கி பாங்கி போட்டுக்கிட்டிருந்த மின்சாரக் காரை ஒருவழியா புக் பண்ணியாச்சு. வின்ஃபாஸ்ட் வி.எஃப்.6. பணமும் கட்டியாச்சு, கலரும் சொல்லியாச்சு. ஆனா வண்டி இன்னும் வீட்டுக்கு வரலை. காரணம் கம்பெனி இல்லை, டீலரும் இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கிற எங்கம்மா.

"ஏய்யா, ஆடியில போயி யாராவது புது வண்டி எடுப்பாவளா? ஆவணி பொறக்கட்டும். ஒரு மாசத்துல ஒன் காரு என்ன கொம்பு மொளச்சி ஓடியா போயிரும்?"

அப்பீலே கிடையாது. ஆக, ஒரு முழு மாசம் வெயிட்டிங். அந்த ஒரு மாசத்துல நான் என்னவெல்லாம் பண்ணினேங்கிறதுதான் இந்தப் பதிவு. கார் ரிவியூ எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க. ஓட்டினாத்தானே ரிவியூ எழுத முடியும் :-)

ஏன் இந்த வண்டின்னு நிறைய பேரு கேட்டாச்சு. டெக்னிக்கல் காரணங்கள் அப்புறம். முதல் காரணம் சுத்தமான ஊர்ப்பாசம். வியட்நாம் கம்பெனிதான், ஆனா வண்டி தயாராகிறது நம்ம தூத்துக்குடி சிப்காட்ல. 2024 பிப்ரவரி 25ல அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4ல பேக்டரியையே திறந்துட்டாங்க. முதல் கட்டத்துல வருசத்துக்கு 50,000 வண்டி செய்யற அளவுக்கு. கார் பேக்டரின்னா வண்டலூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ், திருவள்ளூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்னு எல்லாத்தையும் சென்னையைச் சுத்தியே பாத்துப் பழகின ஆளுங்க நாங்க. எங்க மாவட்டத்துக்குன்னா தீப்பெட்டி, பட்டாசு, உப்பு, கடலை மிட்டாய்தான். அங்க ஒரு காரு செய்யறாங்கன்னா ஒரு இது இருக்கத்தானே செய்யும்?

இதை அம்மாகிட்ட பெருமையா சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கேட்டாங்க: "அப்போ இங்கன தூத்துக்குடியில செஞ்ச வண்டிய மெட்ராஸுக்குக் கொண்டு போயி, நீ அங்கன வாங்கி, மறுபடியும் இங்கனயே ஓட்டிட்டு வருவியாக்கும்?"

அவ்வ்வ். பதில் இல்லை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்கப்பா ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டுக் காத்திருந்த கதையை நாங்க கேட்டு கேட்டே வளர்ந்தோம். அந்தக் காலத்துல பஜாஜ் ஸ்கூட்டர்னா வருசக்கணக்குல காத்திருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி பதிஞ்சவருக்கு, நான் ஒண்ணாப்பு போகும்போதுதான் வண்டி வந்துச்சு. அதுக்குள்ள அவர் செஞ்ச ஏற்பாடு எல்லாம் தமாஷா இருக்கும். வண்டியே இல்லாம வண்டிக்குக் கவர் தைச்சு வச்சிருந்தாரு. திண்ணையில ஒரு பக்கத்தை இடிச்சு சாய்ப்பு போட்டிருந்தாரு. அந்த சாய்ப்புல ஏறி இறங்கித்தான் நான் சைக்கிளே பழகினேன். வண்டிக்குக் காத்திருக்கிறவன் வண்டியைப் பத்தி மட்டுமே யோசிக்க மாட்டான்கிறது அப்பாகிட்ட பாத்தது.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

முதல் வேலை, தாம்பரத்துல எங்க அபார்ட்மென்ட். பார்க்கிங்ல சார்ஜிங் பாயிண்ட் போடணும்னு அசோசியேஷன்ல லெட்டர் குடுத்தேன். மீட்டிங் கூடிச்சு. ஒரு பெரியவர், "தம்பி, பேட்டரி வெடிச்சா பில்டிங்கே போயிடுமே"ன்னு ஆரம்பிச்சாரு. அவர் பயம் அவருக்கு, அதுல தப்பே இல்லை. தனி வயர், தனி பிரேக்கர், என் மீட்டர்லேருந்தே லைன், பக்கத்துலயே தீயணைப்பு சிலிண்டர்னு பேப்பர்ல எழுதிக் குடுத்தேன். ரெண்டு மீட்டிங், நாலு காப்பி, ஒரு பாக்கெட் பக்கோடாவுக்கு அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. "அடுத்த வருசம் நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்"னு கடைசியில காதோட சொன்னவரும் அதே பெரியவர்தான்.

பெரிய சார்ஜர் எல்லாம் தேவையில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். ஏ.சி.க்கும் கீசருக்கும் போடுற அந்த மொத்தப் பின்னு 15 ஆம்ப் பிளக்கே போதும். அதுல மணிக்கு 3 யூனிட் ஏறும்னு வச்சுக்குங்க. ராத்திரி 10 மணிக்கு சொருகி காலைல 6 மணிக்கு எடுத்தா 24 யூனிட். ஏறும்போது கொஞ்சம் வீணாப் போறது போக, 130 கிலோமீட்டர் ஓடலாம். எனக்கு ஆபீஸ் போய் வர 40 கிலோமீட்டர்தான். பேட்டரி மொத்தம் 59.6 யூனிட் பிடிக்கும், அதைத் தினமும் காலியாக்கித் தினமும் நிரப்பப் போறதில்லையே. செல்போன் மாதிரிதான்.

அடுத்தது தங்கமணியோட ஆடிட். "கரண்ட் பில் எவ்ளோ கூடும்?" இது நியாயமான கேள்வி, ஏன்னா நம்ம ஊரு வீட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா ஒவ்வொரு படியும் உசரம். எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட் ஆகும். கார் மாசம் 1,000 கிலோமீட்டர் ஓடினா ரெண்டு மாசத்துக்கு இன்னும் ஒரு 350 யூனிட். 2024 ஜூலைக் கட்டணத்தை வச்சுக் கணக்கு போட்டேன். 501லேருந்து 600 வரை யூனிட் 8.55, அதுக்கு மேல 800 வரை 9.65. மொத்தத்துல ரெண்டு மாசத்துக்கு 3,300, 3,400 ரூபா கூடும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபா எழுபது பைசா. இப்ப இருக்கிற பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 குடுக்குது. லிட்டர் 100 ரூபான்னே வச்சுக்கிட்டாலும் அதே தூரத்துக்கு 14,000 ரூபாய்க்கு மேல. தங்கமணி பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "மிச்சமாகிற காசு எங்க போகும்னு ஒரு காலம் போடலையே?"ன்னாங்க. ரங்கமணி கப்சிப்.

இதெல்லாம் சுலபம். எனக்கு உண்மையான கண்டம் வேற இடத்துல இருந்துச்சு. ஊருக்குப் போற ரோடு.

தாம்பரத்துலேருந்து எங்க வீட்டு வாசல் வரைக்கும் சுமார் 540 கிலோமீட்டர். வண்டிக்கு சர்டிபிகேட்ல 468 போட்டிருக்கு. ஏ.சி.யைப் போட்டுக்கிட்டு, குடும்பத்தை ஏத்திக்கிட்டு, நாலுவழிச் சாலையில 95, 100ல போனா அது வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் 320ன்னுதான் கணக்கு வச்சிருக்கேன். பொட்டி தட்டுறவன் என்ன பண்ணுவான்? எக்ஸெல் ஷீட் போடுவான். போட்டேன்.

80 சதவீதத்தோட கிளம்பினா உளுந்தூர்பேட்டை பக்கம் போகும்போது 25 சதவீதம் இருக்கும். அங்க அரை மணி நேரம் வேகமான சார்ஜர்ல போட்டா மறுபடியும் 80. அதை வச்சு திருச்சி தாண்டி துவரங்குறிச்சி. அங்க இன்னொரு அரை மணி. அப்புறம் மதுரை, விருதுநகர், சாத்தூர், வீடு. சேரும்போது 20 சதவீதம் மிச்சம். பெட்ரோல் வண்டியை விட ஒரு மணி நேரம் கூட. அந்த ஒரு மணி நேரத்துலயும் டீ, இட்லி, பாத்ரூம் எல்லாம் அடங்கிடும். 10லேருந்து 70 சதவீதத்துக்கு 25 நிமிசம்னு கம்பெனி சொல்லுது. சார்ஜர்ல ஏற்கனவே வேற வண்டி நின்னா? அதுக்கு ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் முன்ன ஒண்ணு பின்ன ஒண்ணுன்னு மாற்று இடம். அதுக்குத் தனி காலம். போன்ல நாலு ஆப், நாலுலயும் கொஞ்சம் காசு. ஷீட்டுல எல்லாக் கட்டமும் பச்சை.

ஆனா மனசுல பச்சை விழலை.

அப்பா போன வருசம் 2016. ராத்திரி 11.40க்குப் போன். பக்கத்து வீட்டு அக்காதான் பண்ணாங்க. "தம்பி, ஒடனே கெளம்பி வா"ன்னு மட்டும் சொன்னாங்க, வேற எதுவும் சொல்லலை. பத்து நிமிசத்துல கிளம்பிட்டோம். அன்னிக்குச் சாயங்காலம்தான் எதேச்சையா டேங்க் நிரப்பியிருந்தேன். விழுப்புரம், பெரம்பலூர், திருச்சின்னு எங்கயும் நிக்காம ஓட்டினது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. விடியும்போது விருதுநகர் தாண்டிட்டோம். அப்பாவைப் பாக்க முடிஞ்சுது. பேச முடியலை, பாக்க முடிஞ்சுது. காலைல ஒன்பது மணி வரைக்கும் இருந்தாரு.

அன்னிலேருந்து என் வண்டி டேங்க் பாதிக்குக் கீழ இறங்கினதே இல்லை. மழையோ வெயிலோ, மாசக் கடைசியோ, பாதி ஆச்சுன்னா பங்க்ல நிப்பேன். தங்கமணி ஒரு தடவை கூட ஏன்னு கேட்டதில்லை.

மின்சார வண்டி வச்சிருக்கிறவங்ககிட்ட எல்லாரும் முதல்ல கேட்கிறது "எவ்ளோ கிலோமீட்டர் ஓடும்?". இந்த பயத்துக்குப் பேப்பர்ல பெரிய பேரெல்லாம் வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா, சென்னையில, பெங்களூர்ல உட்கார்ந்திருக்கிற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு அது கிலோமீட்டர் பயம் இல்லைங்க. ராத்திரி போன் பயம். அப்பனோ ஆத்தாளோ 500 கிலோமீட்டர் தள்ளி தனியா இருக்காங்க. அந்தப் போன் வந்தா உளுந்தூர்பேட்டையில அரை மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து சதவீதம் ஏறுறதைப் பாத்துக்கிட்டிருக்க முடியுமா? என் ஷீட்டுல இதுக்குத்தான் கட்டம் இல்லை.

இதை ஒரு நாள் ராத்திரி தங்கமணிகிட்ட சொல்லிட்டேன். புக்கிங்கை கேன்சல் பண்ணிடலாமான்னு கூட வாய்வரைக்கும் வந்துச்சு. அவங்க துணி மடிச்சுக்கிட்டே கேட்டாங்க: "ஒரு மணி நேரம் முன்னாடி போய்ச் சேர்றதுக்கு இவ்ளோ கணக்கு போடுறீங்களே, அத்தை அந்த வீட்டுல பத்திரமா இருக்காங்களான்னு எப்பவாவது போய்ப் பாத்தீங்களா? தீபாவளிக்குப் போய்த் தின்னுட்டுத் தூங்கிட்டு வர்றதைச் சொல்லலை."

அடுத்த வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிட்டேன். சாக்கு என்னவோ காருதான். ஊருல சார்ஜ் போட ஒரு 15 ஆம்ப் பாயிண்ட் வேணும்ல.

ஒயர்மேன் அண்ணாச்சி சனிக்கிழமை காலைல வந்தாரு. வீடு 1986ல கட்டினது. வாசல்ல பாயிண்ட் வேணும்னேன். அவரு மொதல்ல மீட்டர் போர்டைத் திறந்து பாத்துட்டு, "தம்பி, கார்க்காரனுக்கு எர்த்து சுத்தமா இருக்கணும். எர்த்து இல்லன்னா சார்ஜரு செவப்பு லைட்டைப் போட்டுட்டு சும்மா இருந்துக்கிடும், ஏத்தவே ஏத்தாது"ன்னாரு. உண்மைதான். வண்டியோட குடுக்கிற சார்ஜர் முதல்ல எர்த் இருக்கான்னு பாத்துட்டுத்தான் கரண்டையே உள்ள விடும்.

ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பை எடுத்து, ஒரு வயரை பேஸ்லயும் இன்னொண்ணை எர்த்துலயும் வச்சாரு. எர்த் ஒழுங்கா இருந்தா பல்பு பளிச்சுன்னு எரியணும். எரியவே இல்லை. லேசாக்கூட மினுங்கலை. கொல்லைப்பக்கம் போய்த் தோண்டிப் பாத்தா, எர்த் வயர் மண்ணுக்குள்ள போற இடத்துல துரும்பா அரிச்சுப் போய்க் கிடக்கு. எத்தனை வருசமாவோ யாருக்குத் தெரியும். மூணு பின் பிளக்கு எல்லாத்துலயும் மூணாவது ஓட்டை சும்மா அழகுக்கு இருந்திருக்கு.

புதுசா குழி எடுத்தோம். கரிசல் மண்ணு, மேல வெயிலுக்குப் பாளம் பாளமா வெடிச்சிருக்கும், ஆனா நாலடி போனா ஈரம். எட்டடி ஜி.ஐ. பைப்பை இறக்கி, அடுப்புக்கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்திப் போட்டு நிரப்பினாரு அண்ணாச்சி. மேல ஒரு சின்னத் தொட்டி மாதிரி கட்டி, பைப்புல தண்ணி ஊத்த வாய் விட்டாரு. மறுபடியும் குண்டு பல்பு. இப்போ கண்ணு கூசுற மாதிரி எரிஞ்சுது. மீட்டர் போர்டுலேருந்து வாசலுக்குத் தனியா நாலு எம்.எம். வயர், தனி பிரேக்கர். கூடவே வீடு மொத்தத்துக்கும் ஒரு ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்ப் கரண்ட் போகக்கூடாத வழியில போனாலே கண்ணிமைக்கிற நேரத்துல லைனை வெட்டிடும். ஆளு மேல கரண்ட் பாயிற நேரத்துல உசுரக் காப்பாத்துறது அதுதான்.

போட்டு முடிச்சு மெயினை ஆன் பண்ணினோம். எல்லாம் நல்லா இருந்துச்சு. அம்மா மாவாட்ட உள்ள போய் கிரைண்டரைப் போட்டாங்க. டப்புன்னு வீடே இருட்டு. அண்ணாச்சி தூக்கி விட்டாரு. கிரைண்டரைப் போட்டா மறுபடியும் டப். மூணாவது தடவை அவரு டெஸ்டரை எடுத்துட்டுப் போய் கிரைண்டரோட எர்த் வயரைக் கழட்டிட்டு அதோட உடம்புல வச்சுப் பாத்தாரு. டெஸ்டர்ல லைட்டு எரிஞ்சுது.

"எக்கா, இதத் தொட்டா ஒங்களுக்குத் தெரியலையா?"

அம்மா ரொம்ப சாதாரணமா சொன்னாங்க: "தெரியாம என்ன. லேசா சுர்ருங்கும். அது ரெண்டு மூணு வருசமாவே அப்படித்தான். அதான் ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு அரைப்பேன்."

அண்ணாச்சி ஒண்ணும் பேசலை. நானும் பேசலை. ஈரத்தரை. ஈரக்கை. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. என்னோட எக்ஸெல் ஷீட்டுல அரை மணி நேரத்தைக் குறைக்க நான் ஒரு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். அந்த ராத்திரி போன் எங்கேருந்து வரும்னு நான் பயந்தேனோ, அது சமையக்கட்டுல, தினமும் காலைல, சுர்ருன்னு அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

அன்னிக்கு மதியமே கோவில்பட்டி போய்ப் புது கிரைண்டர் வாங்கியாச்சு. பழசை வாசல்ல வச்சப்ப அம்மாவுக்கு மனசே இல்லை. "நல்லாத்தான அரைச்சுது."

மொத்தச் செலவு கிரைண்டரையும் சேர்த்து, வண்டிக்கு சீட் கவர், மேட்டுன்னு நான் ஒதுக்கி வச்சிருந்த காசுக்குக் கொஞ்சம் கீழ. சீட் கவர் இல்லாமலே உட்காரலாம்னு முடிவு பண்ணியாச்சு :-)

சாயங்காலம் மொட்டை மாடியில நின்னேன். ஆடிக் காத்து ஆளைத் தள்ளுது. தெக்க கயத்தாறு பக்கம் காத்தாடிங்க வரிசையா சுத்திக்கிட்டிருக்கு. செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற காத்து. இந்த மாசத்துலதான் அதுங்களுக்கு வேலை ஜாஸ்தி. இந்தக் காத்துல ஒரு பங்கு என் வண்டிக்குள்ளயும் வரும்னு நெனச்சா நல்லாத்தான் இருந்துச்சு. ஆடியில நல்ல காரியம் பண்ணக்கூடாதுன்னு யாரு சொன்னது?

இப்போ நிலவரம் என்னன்னா, புக்கிங் கேன்சல் ஆகலை. ராத்திரி போன் பயமும் முழுசாப் போகலை, அது எந்த பேட்டரியாலயும் போகாது. அதுக்கு நான் பண்ணியிருக்கிறது மூணே மூணு ஏற்பாடு. ஒண்ணு, வண்டி 60 சதவீதத்துக்குக் கீழ வீட்டுல நிக்காது. டேங்க் பாதி ரூலோட தம்பி. ரெண்டு, பழைய பெட்ரோல் வண்டியை உடனே தள்ளி விடப் போறதில்லை, ஒரு வருசம் இருக்கட்டும்னு தங்கமணியே சொல்லிட்டாங்க. மூணு, இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போறது. கிலோமீட்டருக்கு ஒண்ணே முக்கா ரூபா செலவாகிற வண்டியை வச்சுக்கிட்டு, பெட்ரோல் விலையைக் காரணமா சொல்ல முடியாது பாருங்க.

அம்மாவும் இப்போ இந்த வெயிட்டிங்ல பார்ட்னர். எர்த் பைப்புக்கு வெயில் காலத்துல தண்ணி ஊத்தணும், ஈரம் இருந்தாத்தான் வேலை செய்யும்னு அண்ணாச்சி சொல்லிட்டுப் போனாரு. துளசிக்கு ஊத்தும்போதே அதுக்கும் ஒரு செம்பு ஊத்துறாங்களாம். தினமும் போன்ல முதல் ரிப்போர்ட்டே அதுதான். "எர்த்துக்குத் தண்ணி ஊத்திட்டேன்யா. ஒன் காரு எப்ப வருது?"

"ஆவணி பொறக்கட்டும்னு நீங்கதானம்மா சொன்னீங்க."

"அது சரி. ஆடி இன்னும் எத்தன நாளு கெடக்கு?"

உங்க கிட்ட ரெண்டு விஷயம் மக்களே. மின்சார வண்டியில தென்மாவட்டத்துக்குப் போய் வர்றவங்க, உளுந்தூர்பேட்டைக்கும் துவரங்குறிச்சிக்கும் நடுவுல ராத்திரி நேரத்துல நம்பி நிக்கிற மாதிரி சார்ஜர் தெரிஞ்சா சொல்லுங்க. கூடவே நல்ல டீக்கடை இருந்தா இன்னும் புண்ணியம். ரெண்டாவது, கார் வாங்குறீங்களோ இல்லையோ, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு ஒயர்மேனைக் கூப்பிட்டு ஒரு குண்டு பல்பை வச்சுப் பாத்துடுங்க.

பி.கு: சுர்ருங்கிற கிரைண்டரை இரும்புக்கடைக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரு. அந்த ரப்பர் செருப்பு மட்டும் இன்னும் சமையக்கட்டு வாசல்லயே கெடக்காம். பழக்கமாம்.